தெபாகிக்கு ஒரு பெரிய வேப்

தெபாகி வேப் என்கிற மின்சிகரெட்டை இழுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அதை இடது உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுவான். தட்ட வேண்டிய அவசியமே இல்லாத கருவி அது. சிகரெட் காலத்துப் பழக்கத்தைக் கை மறக்கவில்லை. பிறகு ஆரஞ்சு நிற வேலைச் சட்டையின் கழுத்தை மூக்குவரை தூக்கி, மோவாயை நெஞ்சில் புதைத்து, உள்ளேயே ஒரு இழுப்பு. நிமிர்ந்து மர ஆலையின் கூரையைப் பார்ப்பான், அங்கே ஏதோ பழுது இருப்பதைப் போல. அப்புறம் எல்லாவற்றையும் சட்டைக்குள்ளேயே விடுவான். ஆவி உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு, கைமுனைகளிலும் பொத்தான் இடைவெளிகளிலும் மெதுவாக வெளியே வரும். மாம்பழ வாசனை.

"வெந்துட்டடா. இறக்கிடலாம்," என்பான் எதிரே உட்கார்ந்திருக்கும் ராவிரி. ஆலையில் மரம் அறுக்கும் பிரிவில் இருவரும் ஒரே வரிசை.

"நீ கருகிட்டு இருக்க. முதல்ல உன்னைப் பாரு."

ராவிரி இன்னும் சிகரெட்தான். அவனுடைய பாக்கெட் இடைவேளை மேஜையில் மூடி திறந்தபடியே கிடக்கும். யாரையும் கூப்பிடாது, யாரையும் வேண்டாம் என்றும் சொல்லாது.

தெபாகி சிகரெட்டை விட்டது சென்ற குளிர்காலத்தில். விட்டதற்குக் காரணம் டாக்டர் இல்லை, மனைவி துவாய்னே கத்தியதும் இல்லை. இரண்டுக்கும் அவன் பல வருஷமாகப் பழகியிருந்தான். காரணம் பாட்டு. அவர்கள் வாழும் டோகோரோவா ஊரில், குக் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் தேவாலயச் சபைப் பாட்டுக்குழுவில் அவன் பின்வரிசைக் கடைசி ஆள். முன்னால் பெண்கள் குரலை ஏற்றிக்கொண்டே போக, பின்னால் ஆண்கள் அடிவயிற்றிலிருந்து 'ஹும், ஹும்' என்று இடித்துக் கொடுக்க வேண்டும். அந்த இடிதான் பாட்டைத் தள்ளிக்கொண்டு போகும் எஞ்சின். தெபாகிக்கு மரம் அறுக்க வரும், ஆனால் எல்லோரையும் போலத்தான். கார் ஓட்ட வரும், எல்லோரையும்விட மோசமாக. இந்த இடி ஒன்றுதான் அவனுக்கு மற்றவர்களைவிட நன்றாக வந்தது. அதுவும் கடைசி இரண்டு வருஷம் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் இருமலாக முடிந்துகொண்டிருந்தது.

பாட்டை நடத்தும் பெரியவர் மனுவேலா ஒருநாள் பயிற்சியை நிறுத்தினார். "தெபாகி, கர்த்தருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். ஆனா உன் நெஞ்சுச் சளி சத்தம் அவருக்கு வேணுமா? இன்னொரு தடவை சிகரெட் வாடையோட வந்த, நேரா சமையலறைக்குப் போயிடு. உரிக்கறதுக்கு சேம்பு மூட்டை மூட்டையா கிடக்கு."

முன்வரிசையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது துவாய்னே. சபையிலேயே மிக உயரத்துக்குப் போகும் குரல் அவளுடையது.

அன்றைக்கு விட்டவன்தான். மாரமா என்ற பெண் வேலை பார்க்கும் வேப் கடையில் இருப்பதிலேயே சின்னதான, பச்சை நிறக் கருவி ஒன்றை வாங்கினான். இருமல் நின்றது. இடி திரும்பி வந்தது. ஆக்லாந்தில் சபைகளெல்லாம் கூடிப் பாடும் நாளுக்கு மனுவேலா அவன் பெயரையும் சேர்த்தார்.

எல்லாம் சரியாகத்தான் போனது, அந்தப் பச்சைக் கருவி மத்தியானத்தில் சாக ஆரம்பிக்கும்வரை.

முந்தின நாள் இரவு ஜூஸ் என்கிற நிகோட்டின் திரவத்தை நிரப்பி, அடுப்பு மேடையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவான். காலையில் எடுத்துக்கொண்டு போவான். இரண்டாவது இடைவேளையில் இழுத்தால் சின்ன விளக்கு மூன்று முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். ஜூஸும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேஜையில் ராவிரியின் பாக்கெட். வேலை முடிய இன்னும் பாதிப் பொழுது. பாட்டு நாளுக்கு இருந்தது ஆறே வாரம். ஒரே ஒரு சிகரெட் என்று கை நீண்டால் அப்புறம் என்ன ஆகும் என்று தெபாகிக்குத் தெரியும். அவன் ஏற்கனவே நான்கு முறை விட்டவன்.

"எனக்குப் பெரிசா ஒண்ணு வேணும்," என்றான் மனைவியிடம்.

"எதுக்கு? இருக்கறதையே கன்னுக்குட்டி மடியை முட்டற மாதிரி முட்டி இழுக்கற. அதான் தீருது."

"நான் கம்மியாத்தான் இழுக்கறேன்."

"ஆமாமா, அப்ப ஜூஸ் காத்துல போகுது போல," என்றாள் துவாய்னே, அடுப்பைத் துடைத்தபடி. "வாங்கிக்கோ. ஒரு வாரப் பெட்ரோல் காசுக்கு மேல ஒரு டாலர் போச்சுன்னா, பேசாம காரோட புகைக்குழாயை வாயில வச்சுக்கோ. அது ஓசி."

அதன் பிறகு தெபாகி படித்ததைப் போல அவன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் ஆலை முதலாளியாகியிருப்பான். வேலை முடிந்ததும் காரை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து கைபேசியில் ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்தான். உலகெங்கும் தாடி வைத்தவர்கள் கருவிகளைக் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரி நீடிக்கும், ஆனால் சொட்டும். சொட்டாது, ஆனால் கனம். கனமில்லை, ஆனால் உள்ளே சூடாகும் கம்பிச்சுருள் குதிரை விலை. எல்லாம் நல்லதாக இருந்த ஒன்றின் விலை இரண்டு வாரப் பெட்ரோல்.

ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கட்சி. சபையில் யுகலேலே வாசிப்பவன் செங்கல் அளவு ஒன்றைக் காட்டி, "இது இருந்தா மூணு நாள் மின்சாரம் போனாலும் கவலையில்லை," என்றான். மின்சாரம் போவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெபாகி கேட்கவில்லை. ராவிரி மட்டும், "விட்டுட்டேன்னு சொல்ற, ஆனா சிகரெட் குடிச்ச காலத்துல நீ இவ்வளவு யோசிச்சு நான் பாத்ததில்லையே," என்றான்.

மூன்று வாரம் யோசித்தான். அந்த மூன்று வாரமும் மத்தியான இடைவேளைகளில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

கடையில் மாரமா அவனுடைய பச்சைக் கருவியை வாங்கிக் கழற்றி, துடைத்து, விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.

"இது சொட்டலையே அங்கிள். பேட்டரியும் நல்லாருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுப்பீங்க?"

அவன் சொன்னான்.

"அவ்வளவுதானா? அப்படின்னா இது உங்களுக்கு ஒண்ணரை நாள் வரணுமே."

"உனக்கு என் நெஞ்சைப் பத்தித் தெரியாது பொண்ணு. நான் பின்வரிசையில பாடறவன். ஒரு இழுப்புன்னா அது ஒரு இழுப்பு."

மாரமா அவன் நெஞ்சைப் பார்த்தாள். விற்கிறவள் அதற்கு மேல் என்ன சொல்வாள்? கறுப்பாக, சோப்புக் கட்டி அளவில் ஒன்றை எடுத்து வைத்தாள். விலை, ஒரு வாரப் பெட்ரோலுக்கு ஒரு மூச்சு உள்ளேதான் இருந்தது. "இதுக்கு வேற ஜூஸ் அங்கிள், லேசானது. உங்க பழைய ஜூஸை மட்டும் இதுல ஊத்தாதீங்க."

தெபாகி தலையாட்டினான். காசு மிச்சமில்லை. வீட்டில் பழைய ஜூஸ் முக்கால் புட்டி இருந்தது. ஜூஸ் என்றால் ஜூஸ்தானே.

மறுநாள் முதல் இடைவேளையில் புதுக் கருவியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான். சட்டைக் கழுத்தைத் தூக்கினான். பழைய வழக்கப்படி நெஞ்சு நிறைய இழுத்தான். சின்னதில் ஊசி முனையாக வந்த அதே நிகோட்டின், பெரியதில் மதகு திறந்தாற்போல் வந்தது. கூரையைப் பார்க்க நிமிர்ந்தவனுக்குக் கூரை கீழே வந்தது. சட்டைக்குள் விட்ட ஆவி கழுத்து வழியாக மேலே பொங்கி, அவன் தலை இருந்த இடத்தில் ஒரு மேகம் மட்டும் இருந்தது. மேகத்துக்குக் கீழே உடம்பு மெல்ல மெல்ல மரத்தூளில் உட்கார்ந்தது.

"தெபாகி பரலோகம் போறான்," என்றான் ராவிரி, தண்ணீர் எடுக்க ஓடிக்கொண்டே. "பாட்டுக்குச் சொல்லி அனுப்பணுமா?"

சாயங்காலம் மாரமா திட்டிவிட்டு லேசான ஜூஸ் கொடுத்தாள். அதன் விலையைத் தெபாகி மனைவிக்குச் சொல்லவில்லை. பச்சைக் கருவியை, மிச்சமிருந்த பழைய ஜூஸுடன் ராவிரிக்கே கொடுத்துவிட்டான், தண்ணீர் கொடுத்ததற்கு நன்றியாக.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் வீட்டில் புகை அலாரம் அலறியது. தெபாகி கட்டிலிலிருந்து விழுந்து ஓடினான். சமையலறை முழுக்க வெள்ளை மூட்டம். நடுவில் துவாய்னே, முதியோர் இல்லத்து வேலை உடுப்பில், துண்டால் அலாரத்துக்கு விசிறிக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு?"

"டோஸ்ட் கருகிடுச்சு. போய்ப் படு."

"மாம்பழ வாசனை வருது?"

"உன் மூக்குக்கு இப்பல்லாம் எல்லாமே மாம்பழம்தான்," என்று ஒரு இருமல் இருமினாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. தெபாகி இரக்கப்பட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சார்ஜில் கிடந்த தன் கறுப்புக் கருவி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

வாசலில் நின்று துவாய்னே கேட்டாள்: "அந்தச் சின்னது எங்க?"

"ராவிரிக்குக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? யாரைக் கேட்டுக் குடுத்த?"

"என்னுதுதானே?"

கார்க் கதவுதான் பதில் சொன்னது.

அந்த வாரம் துவாய்னேயிடம் யாரும் நின்று பேச முடியவில்லை. உருளைக்கிழங்கு சாலட்டில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டு, சாப்பிட்டவர்களைத் திட்டினாள். வியாழக்கிழமைப் பயிற்சியில் குரல் உச்சிக்குப் போகிற இடத்தில் உடைந்தது. மனுவேலா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"என்னம்மா இது? உன் புருஷன் இத்தனை வருஷம் தொண்டையைக் கெடுத்துக்கிட்டான், இப்பத்தான் சரி பண்ணிக்கிட்டு வந்திருக்கான். இப்ப உன் முறையா?"

பின்வரிசையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்திருக்க வேண்டியவன் தெபாகி. அவள் பிடரியைப் பார்த்து, சிரிக்காமல் நின்றான். இரவுபகல் முதியவர்களைத் தூக்கிக் கிடத்தி உழைக்கிறாள், களைத்துவிட்டாள் என்று நினைத்தான்.

ராவிரியிடம் போய், "அந்தப் பச்சையைத் திருப்பிக் குடுடா. துவாய்னே கோபமா இருக்கா," என்றான்.

"முடியாது போ. இது ரெண்டு நாள் தாங்குது. நாலு நாளா நான் சிகரெட்டே வாங்கலை."

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள். நீ என்னத்தைப் பண்ணிக்கிட்டிருந்த அதை வச்சு?"

தெபாகி யோசித்தான். ராவிரிக்கு நெஞ்சு சின்னது என்று முடிவுக்கு வந்தான்.

அடுத்த வாரம் துவாய்னே தானாகவே ஒரு பொட்டலத்தோடு வந்தாள். அதே மாதிரி பச்சைக் கருவி, புதியது. "ஆக்லாந்துல உன் செங்கல் செத்துப் போச்சுன்னா? அவசரத்துக்கு இருக்கட்டும். நீ தொலைச்சிடுவ, என் கைப்பையிலயே இருக்கட்டும்."

வருஷக்கணக்காகக் கத்தியவள், இன்றைக்குத் தன் காசில் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். தெபாகி ஆலையில் அதைச் சொன்னான், சபையில் சொன்னான், பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னான். "விடறதுன்னா வீட்ல இப்படி ஒரு துணை வேணும்," என்றான்.

ஆக்லாந்து அரங்கில் அவர்கள் பாடியபோது நன்றாகவே இருந்தது. முன்வரிசையில் துவாய்னே, தலையில் பூ வளையத்தோடு, எங்கே போகிறாள் என்று தெரியாத உயரத்துக்குப் போனாள். பின்வரிசைக் கடைசியிலிருந்து தெபாகி இடி இடியாக அவளை ஏற்றிக்கொண்டே இருந்தான். ஒரு இருமல் இல்லை. மனுவேலா கடைசி வரியில் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குமேல் அவர் யாரையும் பாராட்டுவதில்லை.

கறுப்புக் கருவி இப்போது நாள் முழுக்க வருகிறது. தெபாகி அதை எல்லோருக்கும் எடுத்துக் காட்டி, மூன்று வாரம் யோசித்து வாங்கியதன் பலன் என்பான். வாங்க நினைக்கும் சிலர் அவனிடம் ஆலோசனையும் கேட்கிறார்கள். கைப்பையில் இருக்கும் அவசரக் கருவியை அவன் இதுவரை ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

இதற்குப் பிறகு தெரிந்தது ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் விருந்துக்காகச் சபை மண்டபத்தின் பின்கட்டில் தட்டுகள் கழுவிக்கொண்டிருந்த துவாய்னே, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து பச்சைக் கருவியை எடுத்தாள். சட்டைக் கழுத்தை மூக்குவரை தூக்கி ஒரு இழுப்பு இழுத்தாள். எல்லாவற்றையும் உள்ளேயே விட்டு, துடைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: பதினெட்டு வயதிலிருந்து சிகரெட் குடித்தவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து யாருக்கும் தெரியாது. வீட்டில், காரில், துணியில், தலைமுடியில் எப்போதும் தெபாகியின் வாடை இருந்ததால் யாரும் அவளை முகர்ந்து பார்த்ததில்லை. அவன் நிறுத்திய அதே நாளில் அவளும் நிறுத்த வேண்டியதாயிற்று; அப்புறம் தினமும் அவன் எழுமுன் அடுப்பு மேடையில் கிடந்த அந்தப் பச்சைதான் அவளுக்கும். ஒளிந்துகொள்ள வேறு புகை இல்லை.