ஒரே நம்பரில் இரண்டு பேர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கிள்ளான் பக்கத்து டயாலிசிஸ் நிலையங்களுக்கு நோயாளிகளை ஏற்றிப்போகும் வேன்களின் முன்பதிவுச் சேவையை அங்கேதான் எழுதினேன். நிலையத்துக்கு நிலையம் வேறு வேறு மென்பொருள். அவை எல்லாம் எங்கள் கணினியோடு பேச ஒரே வாசல், ஒரே ஏபிஐ. அதை வடிவமைத்தவன் நான்.

புதிதாக எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஏற்கெனவே கொடுத்ததை மாற்றக் கூடாது. இதுதான் நான் போட்ட சட்டம். சக்கர நாற்காலி வேண்டுமா, துணைக்கு ஆள் வருமா என்று பிறகு சேர்த்தபோது ஒரு நிலையத்திலும் எதுவும் உடையவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நோயாளியின் அடையாளமாகக் கைப்பேசி எண்ணை வைத்திருந்தேன். அதே எண்ணில் மறுபடி பதிவு வந்தால் பழையதை அழித்துப் புதியதை வைக்கும். ஆளுக்கொரு போன் இருக்கிறதே, போதாதா?

நான் தோட்டத்தில் பிறந்தவன். ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ, எங்கே எண் கேட்டாலும் அம்மா பக்கத்து வீட்டு எண்ணைத்தான் கொடுப்பார். எங்கள் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாதா? கணினி முன்னால் உட்கார்ந்தபோது புத்தி எங்கே மேயப் போனதோ.

கிள்ளான் நிலையத்துக் கவுன்டர் அக்கா ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, கேரி தீவுல ரெண்டு பேஷன்டுக்கு ஒரே நம்பர் லா. ஒரு அம்மா, ஒரு பெரியவர். பக்கத்து வீட்டுக்காரங்க போன். ஒருத்தரப் போட்டா இன்னொருத்தர் காணாமப் போறாங்க."

"வேற நம்பர் வாங்கிப் போடுங்கக்கா."

"இல்லாதவங்க எங்க போவாங்க? சிஸ்டத்த மாத்த முடியாதா?"

"இப்ப மாத்துனா மத்த சென்டர் எல்லாம் படுத்துடும்கா. அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்."

பொய் இல்லை. ஆனால் பழைய வாசலை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொன்று திறந்திருக்கலாம். இரண்டு நாள் வேலை. சோம்பல். அதைவிட, என் வடிவமைப்பில் ஓட்டையா என்ற திமிர்.

அதன்பின் அந்த அம்மாவுக்காக மட்டும் அக்கா டிரைவரை நேரடியாகக் கூப்பிட்டுச் சமாளித்தார். அவர் லீவில் போன வாரம், அவருக்குப் பதிலாக வந்தவர் அந்த இரண்டு நோயாளிகளையும் சிஸ்டத்தில் போட்டார். முதலில் அந்த அம்மா, பிறகு வேறு நாட்களில் போகும் பெரியவர். அந்த அம்மாவின் பதிவு அழிந்தது. திங்கட்கிழமை உடுத்திக்கொண்டு வாசலில் காத்திருந்தார், வேன் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. போன் வைத்திருந்தவர் இரண்டு நாளும் தோட்ட வேலையில் இருந்ததால் நிலையத்தைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. வியாழக்கிழமை நுரையீரலில் நீர் ஏறி அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கவுன்டர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேரி தீவுக்குப் போனேன். துக்க வீட்டில், போன் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரக் குடுக்கக் கூடாதாமே தம்பி. என்னாலதான் போயிட்டாங்களா?"

"ஐயோ, இல்லக்கா. சிஸ்டம் தப்பு."

"அத யாரு செஞ்சது?"

"எங்க ஆபீஸ்லதான்," என்றேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப ஒரு உதவி செய்யிப்பா. பெரியவர் பேருல இருக்கிற என் நம்பரயும் எடுத்துடு. எனக்குப் பயமா இருக்கு."

எடுத்தால் அந்தப் பெரியவருக்கும் வேன் வராது. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.