குருவி மடிக்காத தோரணம்

என் வீட்டுக்காரர் கனகலிங்கத்துக்கு மூக்கு நுனியிலே கோபம். எங்கள் ஊர் அளவெட்டியில் அது தெரியாதவர் இல்லை. இருந்தாலும் கலியாணமோ செத்தவீடோ, தோரணம் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல காரியத்துக்கு ஒவ்வொரு தென்னங்குருத்துத் தோரணத்திலும் நாலு குருவி மடிக்க வேண்டும், தலை மேலே. செத்தவீட்டுக்கு மூன்று, தலை கீழே. ஒருமுறை தாலி கட்டுகிற நேரத்தில், யாரோ விவரமில்லாமல் மூன்று குருவி தொங்கவிட்டிருப்பதைக் கண்டுவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, ஏணியில் ஏறி எல்லாவற்றையும் அறுத்து எறிந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன ஆவணியில் ஆரணி என்றொரு பிள்ளை வந்தாள். கனடாவில் பிறந்து ஓவியம் படித்தவள். யாழ்ப்பாணத்தில் கண்காட்சி வைக்கிறாளாம். கைபேசியில் மூன்று குருவித் தோரணத்தைக் காட்டி, "இப்பிடி நூற்றுப் பன்னிரண்டு வேணும் ஐயா" என்றாள்.

"உது செத்தவீட்டுத் தோரணம், பிள்ளை."

"ஓம், தெரியும். அதுதான் வேணும்."

"கண்காட்சி எண்டால் சுவரிலை படம் இருக்காதோ?"

அவள் சிரித்தாள். கடையில் வாங்கின பொருளைக் கொண்டுவந்து வைத்து, இதுவும் கலைதான் என்று நூறு வருடத்துக்கு முன்னமே சொல்லிவிட்டார்களாம். இப்போது கைவேலையைவிட எண்ணம்தான் பெரிதாம். இவர் தலையை ஆட்டினார். விளங்கியோ விளங்காமலோ, இரண்டு நாள் இருந்து கட்டிக் கொடுத்தார்.

கண்காட்சியன்று காலை, தொங்கவிட நானும் கூடப் போனேன். பாதி மண்டபம் முடிந்தபோது ஆரணி ஒவ்வொரு தோரணத்தின் கீழும் ஒரு பெயரை ஒட்டிக்கொண்டு வந்தாள். வாசித்தேன். காணாமல் போனவர்களின் பெயர்கள். பிள்ளைகளைத் தேடித் தெருவோரக் கொட்டிலில் போராட்டம் இருக்கிற தாய்மாரிடம் பட்டியல் வாங்கியிருக்கிறாள். ஏழாவது பெயர் சயந்தன். எங்கள் பிள்ளை.

ஐயோ, கொட்டிலில் இருந்து அந்தப் பெயரைப் பட்டியலில் கொடுத்தவளே நான்தான், இதற்கென்று தெரியாமல்! 2009இல், சண்டை முடிகிற நேரம் காணாமல் போனவன். இறப்புச் சான்றிதழ் எடுங்கள் என்று இரண்டு தரம் அதிகாரிகள் சொல்லி வந்தார்கள். இரண்டு தரமும் வாசல் படலையோடு திருப்பி அனுப்பியவர் இவர். இப்போது தன் கையாலேயே மகனுக்குச் செத்தவீட்டுத் தோரணம் கட்டிவிட்டு ஏணியில் நிற்கிறார்.

மகனின் பெயரை வாசித்துவிட்டு மெல்ல இறங்கினார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"பிள்ளை, இவங்கள் செத்தவங்கள் எண்டு ஆர் சொன்னது?"

ஆரணி பெயர் ஒட்டுவதை விட்டாள். "நான் துக்கத்தைக் காட்டத்தான், ஐயா..."

"எண்ணம்தான் பெரிசு எண்டு நீர்தானே சொன்னனீர். எண்ணம் பிழைச்சுப் போச்சு."

"அப்ப நாலு குருவி வைப்பமோ?"

"அவங்கள் இன்னும் வந்து சேரேல்லையே. அதுவும் பொய்." கழுத்துத் துவாயால் முகத்தைத் துடைத்தார். "குருவியைப் பிரியுங்கோ."

தொங்கினதையும் இறக்கி, மூன்று பேரும் நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு குருவியாகப் பிரித்தோம். ஆரணி அழுதுகொண்டே பிரித்தாள். மடித்த அடையாளம் மட்டும் குருத்தில் கிடந்தது. நாலு மணிக்குச் சனம் வரும்போது நூற்றுப் பன்னிரண்டும் குருவியில்லாமல் தொங்கின. வாசலில் எழுதியிருந்தது: ஆக்கம், கனகலிங்கம், ஆரணி. அவர் பெயரை முதலில் போட்டிருந்தாள், அந்தப் பிள்ளை வாழ்க!

படித்த ஆட்கள் வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கலியாண வீட்டில் வெட்கப்பட்டு ஒளிந்த நான், அன்று முன்வரிசையில் நின்று, "அவர் என்ரை மனுசன்" என்று கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன்.

கொட்டிலில் என்னோடு இருக்கிற அற்புதராணி, தன் மகனின் பெயருக்குக் கீழே கனநேரம் நின்றாள். பிறகு இவரிடம் வந்தாள்.

"அண்ணை, உதுக்கு எப்ப குருவி மடிப்பியள்?"

"அவன் வந்து படலையைத் திறக்கட்டும், தங்கச்சி. நாலு மடிப்பன். தலை மேலை."