அழைப்புப் பட்டியலில் ஓர் ஆங்கில வரி

நல்லம்பள்ளியில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கணினி நிரல் எழுதுகிறேன். என் மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டரம்மா தருமபுரியில் சின்னதாக ஒரு மருத்துவமனை நடத்துகிறார். ஒருமுறை அங்கே போயிருந்தபோது, வரவேற்பில் இருக்கும் அக்கா தடிமனான ஒரு நோட்டைப் புரட்டிப் புரட்டி, திரும்ப வரவேண்டிய பெண்களைத் தேடிப் போன் செய்துகொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. "இத ஒரு ப்ரோக்ராம் செஞ்சிடும் டாக்டர், நான் எழுதித் தரேன்" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் எழுதி முடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

எளிய வேலைதான். அக்கா காலையில் வந்ததும் கணினித் திரையில் ஒரு படத்தைத் தட்டுவார். கறுப்பாக ஒரு சன்னல் திறக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையின் முடிவுகளை நிரல் படித்து, சந்தேகம் உள்ளவர்களின் பெயரையும் போன் எண்ணையும் ஒரு கோப்பில் எழுதும். அக்கா அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக அழைப்பார். பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் முன்பே சொல்லியனுப்புவது வழக்கம்: ஏதாவது இருந்தால் நாங்களே கூப்பிடுவோம்.

எந்த நிரலும் வெளியே பேச இரண்டு வழிகள் உண்டு. ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்பது கேட்ட பதிலைத் தரும் வழி. ஸ்டாண்டர்ட் எரர் என்பது ஏதோ தவறிவிட்டது என்று சொல்லும் வழி. சும்மா ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே திரையில்தான் விழும். பதிலைக் கோப்புக்குத் திருப்பிவிடும்போதுதான் வித்தியாசம் தெரியும். பதில் கோப்புக்குள் போய்விடும். தவறைச் சொல்லும் செய்தி மட்டும் ஆள் கண்ணில் படும்படி திரையிலேயே நிற்கும். இது எனக்குத் தெரியாததல்ல. கம்பெனி வேலையில் ஒருநாளும் நான் அதை மறந்ததில்லை. இது தெரிந்தவர்களுக்குச் செய்யும் சின்ன வேலை என்பதால் எல்லாவற்றையும் சாதாரண ப்ரின்ட் கட்டளையாக, பதில் போகும் வழியிலேயே போட்டுவிட்டேன். போன் எண் பத்து இலக்கமாக இல்லாவிட்டால், அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் வராது. அதற்குப் பதில் வரிசை எண்ணோடு 'இன்வேலிட் போன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அந்தக் கோப்புக்குள்ளேயே விழும்.

முதல் மாதத்தில் அக்கா என்னை அழைத்தார். "மேடம், லிஸ்ட்டுக்கு நடுவுல இங்கிலீஷ்ல ஒரு வரி வருதுங்க. தேதி என்னமோன்னு போட்டிருக்குது."

அது வேறு வரி. தேதி எழுதும் முறையைப் பற்றிய வெறும் எச்சரிக்கை. நான் மீட்டிங்கில் இருந்தேன். "அது மெஷின் சொல்றது, அக்கா. அந்த மாதிரி வந்தா கண்டுக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்கா நான் சொன்னபடியே செய்தார்.

சில மாதங்கள் கழித்து, மாரண்டஹள்ளிக்கு அருகிலுள்ள ஊரிலிருந்து ஒரு பெண் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷனும் அவரும் தக்காளி போடுகிறவர்கள். டாக்டரம்மா பழைய முடிவை எடுத்துப் பார்த்தார். ஐந்து மாதத்துக்கு முந்தையது. உடனே வரச் சொல்லவும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அவரை யாரும் அழைக்கவில்லை.

அக்கா அந்த முடிவு வந்த நாளின் பட்டியலைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பினார். ஏழு பெயர்கள். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் அந்த ஆங்கில வரி. வரிசை எண்ணை வைத்துத் தேடினேன். இந்தப் பெண்ணின் பெயர்தான் வந்தது; போன் எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது.

திருத்துவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ப்ரின்ட் கட்டளைக்குள் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போ என்று ஒரு சொல். செய்தியையும் தமிழாக்கினேன்: 'இவருடைய போன் எண் சரியில்லை. நேரில் ஆள் அனுப்பிச் சொல்லவும்.' கீழே பெயரும் ஊரும். படித்துவிட்டு ஒரு விசையை அழுத்தினால்தான் சன்னல் மூடும். ஓட்டிப் பார்த்தபோது சரியாக வந்து நின்றது. நான் மாடியில் அழுதுகொண்டிருந்தேன். கீழே மகள் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மாவிடம் தவறு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். "அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, தெரியாததால் சொன்னார்.

அக்காவும் நானும் பஸ்ஸில் மாரண்டஹள்ளி போனோம். அங்கிருந்து ஆட்டோ. அந்தப் பெண் வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்தார். பெங்களூரில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கியிருந்தது. அவர் கணவர் வாசலில் எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நடந்ததை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பஸ்ஸில் மனதுக்குள் ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை.

கணவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நெம்பரு நான்தானுங்க சொன்னேன்" என்றார். "வெளிய வண்டிக்காரன் ஆரன் அடிச்சிக்கிட்டே இருந்தான். மார்க்கெட்டுக்கு நேரமாச்சின்னு கடகடன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒண்ணு வுட்டுட்டனாட்டம் இருக்குது."

"இல்லைங்க, நான் டைப் பண்றப்பதான் விட்டிருப்பேன்" என்றார் அக்கா.

"அண்ணா, நெம்பர் தப்பா இருந்தா சொல்லணும்னு ப்ரோக்ராம்ல எழுதியிருந்தேன். அது சொல்லுச்சு. யாரும் பாக்காத எடத்துல சொல்ல வெச்சது நான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அவருக்கு அது புரிந்ததா, என் குரலுக்காக ஆட்டினாரா என்று தெரியவில்லை. "பத்து நாளாச்சி, போன் வரலியா, அப்ப ஒண்ணுமில்லன்னு நெனச்சோம். அன்னைக்கி வூட்டுல கேசரி கூட செஞ்சா" என்றார்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் அழைத்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "உனக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்டார். ஒரு பெண் என்றேன். "நீ போய் டெஸ்ட் பண்ணிக்கிட்டியா?"

நான் பண்ணிக்கொள்ளவில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அதைச் சொன்னபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னித்துவிட்டதாக அவர்கள் இருவரில் யாரும் சொல்லவில்லை. கேட்கும் துணிவும் எனக்கு இல்லை.

பங்குனியில் அந்தப் பெண் இறந்தார். டாக்டரம்மாதான் போனில் சொன்னார். காரியத்துக்கு நான் மட்டும் போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். யாரென்று பக்கத்தில் கேட்டவர்களுக்கு, "ஆஸ்பத்திரில இருந்து வந்திருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அவர் நினைத்திருந்தால் வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம். இலையின் முன்னால் உட்கார்ந்து என்ன சாப்பிட்டேன் என்று இப்போது நினைவில்லை.

அடுத்த மாதம் அக்கா வேலையை விட்டுவிட்டார். டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "போன எடுத்தாலே அந்தப் பொண்ணு நெனப்புதான் வருதுங்க" என்றாராம். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். நான் போனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம். ஒருநாள் மகளுக்குப் பாவாடைத் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, "அந்த வூட்டுக்காரரு தக்காளி லோடோட இந்தப் பக்கம் வந்தாருங்க. என்னைப் பாத்து நின்னாரு. நல்லாருக்கீங்களான்னு கேட்டாரு" என்றார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். அக்கா துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.