குப்பம்மாக்காவின் சொந்த நாள்

"ஏம்மே கஸ்தூரி, கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போறியே, ஞாயித்துக்கிழமைக்கு ஒல்லாந்துக்காரன் பாஷையில இன்னா பேரு?"

கேட்டவள் குப்பம்மாக்கா. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்கள் படகு பழவேற்காட்டுக் கரையை விட்டு, ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கிற மணல்திட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் புருஷன் துளசிங்கம் பின்னால் நின்று கோல் ஊன்றிக்கொண்டிருந்தார். நடுவில் ஜைனம்பு லாத்தா தேங்காய்ப்பால் சோற்றுச் சட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அவருடைய தம்பி கௌஸ் மைதீன் முன்பக்கம் உட்கார்ந்து, தான் செய்த காற்றாடிகளைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகாதபடி மார்போடு அணைத்திருந்தார்.

"ஸொந்தாக்" என்றேன்.

"இன்னாது?"

"ஸொந்தாக்."

"சொந்தாக்கா!" குப்பம்மாக்கா படகின் விளிம்பைத் தட்டினாள். "அட, நம்ம பேச்சு மாதிரியே கீதே. சொந்தம். சொந்த நாளு!"

"இல்லக்கா. 'ஸொன்'னா சூரியன், 'தாக்'னா நாள். சூரியனோட நாளுனு அர்த்தம். நம்ம ஞாயிறும் சூரியன்தானே?"

"சூரியனுக்கு ஏதும்மே சொந்த நாளு? அவன் தினம் தினம் வேலைக்கு வந்துகினுதான் கீறான். எனக்குத்தான் சொந்த நாளு."

"குப்பம்மா சொல்றதுதான் சரி" என்றார் ஜைனம்பு லாத்தா. "நீ தப்பாப் படிச்சிட்டு வந்திருக்கே கஸ்தூரி. நாளைக்கே போய் உன் வாத்தியார்கிட்ட சொல்லிடு."

"இவ சொல்லப் போறாளா?" கௌஸ் மைதீன் திரும்பிப் பார்க்காமலே சிரித்தார். "இவ வாயைத் திறக்கறதுக்குள்ள கரை வந்துடும் லாத்தா."

"கரை வந்துடுச்சு. எறங்குங்க" என்றார் துளசிங்கம்.

நாங்கள் சிரித்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். அன்றிலிருந்து குப்பம்மாக்காவின் வாயில் ஞாயிற்றுக்கிழமை என்ற பேரே வரவில்லை. முதலில் 'சொந்த நாள்' என்றாள். நாளாக ஆக நாளும் தேய்ந்து போய், 'சொந்த' மட்டும் நின்றது. "வர்ற சொந்தக்கு நுங்கு வெட்டிக்கினு போவலாம்" என்பாள். "போன சொந்தக்கு அடிச்ச காத்து இன்னா காத்து!" என்பாள். கோட்டைக்குப்பத்தில் அவள் தெருப் பெண்கள்கூட அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த ஒரு நாள் அவளுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். குப்பம்மாக்கா சிறுமியாக இருந்தபோதே தாயோடு தலையில் மீன்கூடை சுமந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் சுமை இறங்கவில்லை. துளசிங்கம் கடலிலும் ஏரியிலும் பிடித்து வருவதை இருட்டு பிரிவதற்குள் தரம் பிரித்து, நல்ல கொடுவாயும் மடவையும் இறாலும் பார்த்து எடுத்து, ஈரத்துணி போட்டு மூடி, ஒல்லாந்துக்காரர்களின் கோட்டைச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மிச்சத்தைத் தெருத்தெருவாக விற்பாள். பெண்கள் இருவரையும் எளாவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகும் அதே நடைதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோட்டையின் பெரிய கதவு திறக்காது. உள்ளே ஆராதனை நடக்கும். அன்று துணிக்கட்டும் உள்ளே போகாது, மீன்கூடையும் போகாது. துணி வியாபாரி வீட்டில் வேலை பார்க்கும் கௌஸ் மைதீனுக்கும் அன்று வேலை இல்லை. கோட்டையில் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருக்கும் என் நைனா மாசிலாமணிக்கும் இல்லை, எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. எங்களில் யாருக்கும் அது சாமி நாள் இல்லை. ஆனாலும் கதவு மூடியிருக்கும் நாள் என்பதால் அது எங்களுக்கெல்லாம் பொதுவான நாளாகிவிட்டது. கோடை வந்தால் மணல்திட்டுக்குப் போவது வழக்கமானது.

மணல்திட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரியம். ஜைனம்பு லாத்தா இறங்கியதும் முக்காட்டை மடித்துச் சட்டி மேல் போட்டுவிட்டு, கடல் பக்கம் போய்ச் சிப்பி பொறுக்குவார். துளசிங்கம் பனை நிழலில் படுத்துவிடுவார். சோறு பிரிக்கும் சத்தம் கேட்டால் எழுந்து வருவார். குப்பம்மாக்காவுக்குக் காற்றாடி.

நாற்பது வயதைக் கடந்த பெண் காற்றாடி விடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதுவும் அவள் விடும் விதமே தனி. மணல் சுடுகிறது என்று ஏரித் தண்ணீரில் இடுப்பு மட்டும் முழுகும்படி சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வாள். வலைக்கயிறு இழுத்துக் காய்த்த விரல்களில் நூல் அறுக்காது. தெற்கிலிருந்து கடற்காற்று எழும்பும்போது கௌஸ் மைதீன் கரையில் நின்று தூக்கி விடுவார். கப்பலில் வந்த பெட்டிகளுக்குள் சுற்றியிருக்கும் மெல்லிய காகிதத்தில் அவர் செய்த காற்றாடி அது. வால், அச்சுப் பிசகி ஒல்லாந்துக் கும்பினி வேண்டாமென்று தள்ளிய சீட்டித் துணியின் கிழிசல். பாதிப் பூவும் பாதி இலையுமாக அது வானத்தில் நெளியும்.

"லாத்தா, இங்க பாரு! உன் தம்பி காத்தாடி நொண்டுது!"

"நொண்டறது காத்தாடி இல்ல, விடற கை" என்பார் கௌஸ் மைதீன்.

"கையா? வாய்யா, நீயும் ஒண்ணு விடு. எது முதல்ல தண்ணில விழுதுனு பாப்போம்."

பெரும்பாலும் விழுந்தது அவருடையதுதான்.

ஒரு முறை நான் அவள் பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். ஏனக்கா காற்றாடி மேல் இவ்வளவு ஆசை என்று கேட்டேன். அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆறு நாளும் கூடை தலமேல கீது. கூடை இருந்தா மேல பாக்க முடியுமா? கழுத்தை அசைச்சா மீனு கொட்டிடும். வானம்னு ஒண்ணு கீறதே சொந்த அன்னிக்குத்தான் தெரியுது."

வைகாசி பிறந்தபோது கோட்டையின் சாப்பாட்டுச் சாமான்களைப் பார்க்கும் உக்கிராணத்துக்குப் புது அதிகாரி ஒருவர் வந்தார். சாப்பாட்டில் கண்டிப்பானவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆராதனை முடிந்து விருந்தாளிகள் வருகிறார்கள், அவர்களுக்கு முந்தின நாள் மீனைப் போடுவதா என்று கோபித்துக்கொண்டாராம். இனி ஞாயிற்றுக்கிழமையும் பின்பக்கத்துச் சின்னக் கதவு வழியாகப் புது மீன் வந்தாக வேண்டும். முடியாதென்றால் எல்லா நாளுக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். செய்தியைக் கொண்டுவந்தவர் என் நைனா.

"நான் எடுத்துச் சொன்னேன் குப்பம்மா. அந்த ஆள் கேக்கல" என்றார்.

குப்பம்மாக்கா காலிக் கூடையை இடுப்பில் வைத்தபடி எங்கள் வாசலில் நின்றாள். கோட்டை போனால் பாதிப் பிழைப்பு போகும். அது அவளுக்குத் தெரியும்.

"கொடுத்துட்டு அப்புறமா திட்டுக்குப் போயேன்" என்றார் அங்கே வந்திருந்த கௌஸ் மைதீன்.

"அப்புறம்னா எப்போ? வெடிகாலைல மீனு பிரிச்சு, கொண்டுபோயி, அவன் பாத்து, பொறுக்கி எடுத்து முடிக்கறதுக்குள்ள பாதி நாளு பூடும்." அவள் குரல் இறங்கியது. "ஒரு நாள்தானேனு சொல்றாங்க. அந்த ஒரு நாள்தானே எனக்கு கீது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கஸ்தூரி, நாளைக்கு என்கூட வா. உனக்குத்தான் அவன் பாஷை தெரியுமே. நைனா சொன்னா உத்தியோகக்காரர் சொல்றதாட்டம் கீது. பொண்ணு சொன்னா ஒருவேளை கேப்பான்."

மறுநாள் சனிக்கிழமை. கோட்டை வரைக்கும் வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஐயா, இந்தப் பெண் வாரம் முழுக்க உழைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவருவாள். ஒல்லாந்து பாஷையில் பிழையில்லாமல் கோத்து வைத்திருந்தேன்.

சமையற்கட்டின் பின்புறத்தில், பூவரச மரத்தடியில் கூடையை இறக்கினாள். அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் பின்னால் கோட்டைப் பாதிரியாரும் வந்தார். தன் வீட்டுக்கு முட்டை வாங்க வந்தவர் போலிருக்கிறது. கையில் ஒரு சின்னப் பிரம்புக் கூடை.

நான் வாயைத் திறந்தேன். "ஐயா" என்று மட்டும் வந்தது. மறுபடியும் முயன்றேன். மறுபடியும் "ஐயா" தான்.

குப்பம்மாக்கா என்னைப் பார்த்தாள். "நீ சொல்றதுக்குள்ள மீனு நாறிடும்" என்று சொல்லிவிட்டு, தானே இரண்டடி முன்னால் போனாள்.

"தொரை! நாளைக்கு மீனு இல்ல. நாளைக்குச் சொந்த!" தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள். "சொந்த, தொரை, சொந்த!" காற்றாடியை நினைத்துக்கொண்டு வானத்தைக் காட்டினாள். பிறகு மீன்கூடையைக் காட்டி, கையை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "சொந்த!"

அதிகாரியின் முகம் சிவந்தது. பாதிரியார் முட்டைக் கூடையைத் தரையில் வைத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒல்லாந்து பாஷையில் 'ஸொந்த' என்று ஒரு சொல் உண்டு. அதற்குப் பாவம் என்று அர்த்தம்.

"இவள் என்ன சொல்கிறாள்?" என்று பாதிரியார் அவர்கள் பாஷையில் கேட்டார்.

"ஒன்றுமில்லை, மீன் விஷயம்..." என்றார் அதிகாரி.

"பாவம் என்கிறாள். வானத்தைக் காட்டிச் சொல்கிறாள். நாளைக்கு மீன் வாங்குவதாக இருந்தீரா? ஓய்வு நாளில்?"

அதிகாரி முட்டைகளைப் பார்த்தார். விருந்தாளிகள் என்றார், பழைய மீன் என்றார். பாதிரியார் கேட்கக் கேட்க அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் பாதிரியார் பெருமூச்சு விட்டார். "வேதம் அறியாத ஒரு பெண் வந்து நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சொல் இவளுக்குத் தெரியுமா, பெண்ணே?"

இந்த முறை எனக்குக் குரல் வந்தது. "வாரம் தவறாமல் சொல்வாள், ஐயா" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கோட்டைக்கு வெளியே வந்ததும் குப்பம்மாக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னா சொன்னாங்க?"

"நாளைக்கு மீன் வேண்டாமாம். இனிமே எந்த ஞாயித்துக்கிழமையும் வேண்டாமாம்."

"பாத்தியா?" காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "பதமா எடுத்துச் சொன்னா எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும்."

மறுநாள் படகு ஏரியின் நடுவுக்கு வரும் வரைக்கும் நான் பொறுத்திருந்தேன். பிறகு எல்லோருக்கும் நடுவில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது ஜைனம்பு லாத்தா சோற்றுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம்னா சொன்னா? அந்த ஆளு முகத்துக்கு நேராவா?"

"நெஞ்சைத் தட்டிக் காட்டி" என்றேன்.

"பாவம் அந்த அதிகாரி!" என்றார் லாத்தா, மூச்சு வாங்க.

"பாவி நானா, அவனா?" குப்பம்மாக்கா புரியாதவள் போல எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படகு ஆடியது.

"உக்காருங்கம்மா, கவுந்துடப் போவுது" என்றார் துளசிங்கம். கோலைப் பிடித்தபடி அவரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பாதிரியார் வழியில் குப்பம்மாக்காவைக் கண்டால் மரியாதையாகத் தொப்பியைத் தொடுவார். அவளும் விட்டுக்கொடுக்காமல் கூடையைத் தொடுவாள். ஒருநாள் கோட்டைக் கோவிலில் ஆராதனைக்கு வரச்சொல்லி நைனாவிடம் சொல்லி அனுப்பினார். "சொந்த அன்னிக்கு எனக்கு வேலை கீதுனு சொல்லிடுங்க" என்று பதில் அனுப்பினாள். நைனா அதை எப்படி மொழிபெயர்த்தார் என்று நான் கேட்கவில்லை. பாதிரியார் தொப்பியைத் தொடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்தக் கோடையில் மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக்கூட நாங்கள் விடவில்லை. நுங்கு வெட்டினோம். லாத்தா ஒரு பானை நிறையச் சிப்பி சேர்த்தார். கௌஸ் மைதீன் இரட்டை வால் வைத்த ஒரு காற்றாடி செய்து, அதையும் தண்ணீரில் விட்டார்.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம். வெயில் தணிந்திருந்தது, காற்று மட்டும் தணியவில்லை. குப்பம்மாக்கா வழக்கம்போல இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, மேலே நின்ற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நூல்கண்டைப் பிடித்திருந்தேன். கரையிலிருந்து துளசிங்கம் கிளம்பச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நூலை இன்னும் கொஞ்சம் விட்டாள்.

"கஸ்தூரி."

"என்னக்கா?"

"சனிக்கிழமைக்கு அவங்க பாஷையில இன்னா பேரு? அதையும் எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடும்மே."