விளக்கு நாரையின் வலது பக்கம்

அன்றைக்குக் கண்டக்குழியில் என் படகு வேலைக் கொட்டிலில் இருந்தவர்கள்: படகுக்காரர் அன்டன், அவருடைய மனைவியின் தம்பி நிக்சன், புத்தளத்திலிருந்து என்ஜின் பார்க்க வந்த ரமீஸ் நானா, நான். வேறு ஒருவரும் இல்லை. பிறகு கரையில் பத்துப் பேராவது தாங்களும் நின்றதாகச் சொன்னார்கள். அதனால்தான் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாட்டுச் சண்டை முடிந்து, மூடியிருந்த கடல் திறந்து, ஃபைபர் படகுகள் பெருகின காலத்தில் இந்த வேலைக்கு வந்தேன். வெடித்த இடத்தில் கண்ணாடி நார் மேட் வைத்து ரெசின் பூசுவது, காய்ந்ததும் தேய்த்துப் பெயின்ட் அடிப்பது, தூரிகையால் பெயரும் படமும் கீறுவது. ரெசின் வேலையில் பயம் நல்லது. இறுகுவதற்குக் கலக்கிற மருந்து கூடினால் கொதித்துவிடும், குறைந்தால் காயாது. எனக்குப் பயம் தேவைக்கு மேலேயே இருந்தது. என் கைபட்ட படகு கடலுக்குப் போனால், அது திரும்பி மணலில் ஏறும்வரை சோறு இறங்காது.

1. படகில் நாரை ஏறியது

அப்போது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஓர் ஆங்கிலப் படத்தில் பைத்தியம். இந்தியாவில் தமிழ்க் குரல் கொடுத்து வந்தது. அதன் ஆங்கிலப் பெயர் வாயில் நிற்கவில்லை. தீவுப் படம் என்றுதான் சொல்வோம். மூன்று பாகம். மந்திரவாதிகள், பேசுகிற மரங்கள், கடலுக்குள் தாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு தீவு. அதில் ஒரு நாரை வரும். தொண்டைக்குள் விளக்குப் போல வெளிச்சம். கடலில் பனிப்புகார் மூடி வழி தவறின ஓடங்களுக்கு முன்னால் பறந்து கரை சேர்க்கும். மந்திரவாதிகளை விட எங்கள் ஆட்களுக்கு அந்த நாரையைத்தான் பிடித்தது.

அன்டனும் நிக்சனும் பங்குக்கு வாங்கின படகில், இரண்டு பேரும் சேர்ந்து வந்து போனில் காட்டி, முன்பக்கம் இரண்டு புறமும் அந்த நாரையைக் கீறச் சொன்னார்கள். கீறினேன். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். எங்கள் கரையில் ஆசீர்வதித்த படகின் படத்தைச் சுரண்டி எடுக்க மாட்டார்கள். வெளுத்தால் மேலே பூசுவார்கள், அவ்வளவுதான். சுரண்டின படகுக்குக் கடலில் ஏதும் நடந்தால், எவன் சுரண்டினான் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

2. புதுப்படச் செய்தி

அடுத்த பருவத்துக்கு முல்லைத்தீவுப் பக்கம் கரையில் குடில் கட்டி வாடி போட்டுத் தொழில் செய்யப் போக வேண்டும். அதற்காகப் படகைக் கொட்டிலில் ஏற்றியிருந்தோம். ரமீஸ் நானா என்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் மன்னாரிலிருந்து அகதியாக வந்து புத்தளத்தில் வளர்ந்தவர். தீவுப் படத்தை அவர் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் எங்கள் பக்கத்தில் இல்லை.

நிக்சன் போனைப் பிடித்தபடி வந்தான்.

"நானா, பாத்தீங்களா? தீவுப் படம் புதுசா இன்னும் அஞ்சு வருதாம்."

"வரட்டும். நல்லந்தானே" என்றார் ரமீஸ். "கண்ண மூடி மௌத்தாக முந்தி இன்னொருக்காப் பாக்கலாம்."

அன்டன் பால் விடாத பிளேன்டியை ஊதிக்கொண்டே, "கதை முடிஞ்சுதே. தீவும் கடலுக்குள்ள தாண்டுபோச்சு. இனி என்னத்த எடுக்கிற, மீனையா?" என்றார்.

"முந்தின கதையாம் அத்தான். நாரை எங்க இருந்து வந்தது எண்டு."

"முந்தின கதைய முந்தியே சொல்லியிருக்கோணும். சனம் அழுது முடிஞ்ச பிறகு என்ன முந்தின கதை?"

"அப்பிடிச் சொல்லாதீங்க" என்றார் ரமீஸ். "மூணாம் படத்தில நாரை ஒரு இடத்தில திரும்பிப் பாக்கும். ஏன் பாத்தது எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல. அதுக்குப் பதில் தந்தாலே காணும்."

"பதில் வந்திட்டு" என்றான் நிக்சன். "நாரைய உண்டாக்கினதே எதிரி ராசாவாம். முதல்ல இருந்தே உளவாளியாம்."

ரமீஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஆரு சொன்ன?"

"எல்லாத்திலயும் போட்டிருக்கு."

"நாரைக்குச் சம்பளம் என்னவாம்? மீனாவா குடுத்தவங்க?" என்று அன்டன் சிரித்தார். நிக்சன் சிரிக்கவில்லை.

"கூட வந்து வழி காட்டுறவன்தான் அத்தான் காட்டியும் குடுப்பான்."

அந்த வருசம்தான் நிக்சன் தனியாக வைத்திருந்த தடை செய்யப்பட்ட வலையை மீன்பிடி அதிகாரிகள் வந்து, ஒளித்த இடத்துக்கே நேராகப் போய் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இடம் அன்டனுக்கு மட்டும்தான் தெரியும் என்று கரையெல்லாம் கதை. முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை.

அன்டன் கோப்பையை வைத்தார். "நாரையத்தானே சொல்றாய்?"

"நாரையத்தான்."

பிறகு நிக்சன் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நாரையச் சுரண்டுங்க. இல்லாட்டி நான் வேற படகில வாடிக்குப் போறன்."

அது இரண்டு பேர் ஓட்டுகிற படகு. அன்டன் பின்னால் என்ஜின் பிடிப்பார், நிக்சன் வலது பக்கம் சாய்ந்து வலை இழுப்பான். அவன் போனால் அந்தப் பருவம் படகு மணலில்தான். நிக்சனுடைய அக்காவுக்கு ஒரு பக்கம் புருசன், ஒரு பக்கம் தம்பி.

ரமீஸ் மெதுவாகக் கேட்டார். "தம்பி, மூணு படமும் உனக்குப் பாடம். எந்த இடத்திலயாவது நாரை ஒருத்தனப் பிழையான வழிக்குக் கூட்டிப் போச்சா?"

நிக்சன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், படத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"இல்ல."

"அப்ப?"

"இவ்வளவு பேர் சொல்றாங்களே நானா."

ரமீஸ் ஸ்பேனரைத் திரும்பக் கையில் எடுத்தார். அன்டன் எழுந்து இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தட்டினார். "அவன் வலை இழுக்கிற பக்கத்தச் சுரண்டுங்க. என்ட பக்கம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

3. ஒரு பக்கம்

சுரண்டினேன். வலது பக்கம் வெறும் நீலம், இடது பக்கம் நாரை. அப்படி ஒரு படகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஃபாதரிடம் ஓடினேன், திரும்பத் தெளிக்கச் சொல்லி. "படகத்தானே ஆசீர்வதிச்சேன், நாரைய இல்லயே. போய் வேலையப் பாருங்க" என்றார். ஆனாலும் வந்து தெளித்தார். அதில் என் பயம் குறையவில்லை.

வாடிக்குப் போனார்கள். காற்று எழும்பிய நாளெல்லாம் நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்த அன்டனிடம், நிக்சன் எப்படி என்று கேட்டேன்.

"இழு எண்டா இழுப்பான், விடு எண்டா விடுவான். வேற கதை இல்ல" என்றார். முகம் வற்றியிருந்தது.

படம் வர இன்னும் வெகு காலம் ஆனது. அதற்குள் வாய்ச்சண்டைகள் எத்தனையோ. புதுப்படத்தைப் பார்க்கவே கூடாது என்றார்கள் சிலர். பழைய படத்தில் யாரும் கை வைக்க முடியாது, அது சீடியாக வீட்டில் கிடக்கிறதே என்றார்கள் சிலர். பெயின்ட் அடிக்க விடாமல் என் கொட்டிலில் நின்றே வாதாடினார்கள். எனக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் புதுசில் முதலாவது படம் வந்ததும், ரமீஸின் புத்தளத்துக் கடைப் பின்னறையில் கூடிப் பார்த்தோம். நாரை இரண்டு இடத்தில்தான் வந்தது. ஒரு தரம் பறந்தது, ஒரு தரம் நின்றது. உளவு என்ற பேச்சே இல்லை. எவனோ ஊகித்து எழுதினதா, சனத்தின் சத்தத்துக்குப் பயந்து மாற்றினார்களா, ரமீஸுக்கும் தெரியவில்லை. "இதுக்கா நாங்க இந்தப் பாடுபட்ட?" என்று தலையில் கை வைத்தார். திரையில் பெயர்கள் ஓடி முடியும்வரை நிக்சன் எழும்பவில்லை. அன்டன் அதற்கு முன்பே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நிக்சன் கொட்டிலுக்கு வந்தான்.

"அண்ணே, என்ட பக்கமும் கீறிவிடுங்க."

"பழைய கலரோட சேராது தம்பி. அது வெயில்ல வெளுத்துப்போச்சு."

"சேராட்டிப் பரவாயில்ல."

"அத்தானிட்ட ஒரு வார்த்தை கேக்கவா?"

"வேணாம். நான் சொன்னதெண்டும் சொல்ல வேணாம்."

கீறினேன். பின்னேரம் அன்டன் வந்தார். ஈரம் காயாத நாரையைப் பார்த்தார். படகைச் சுற்றி வந்து மற்றப் பக்கத்தையும் பார்த்தார். யார் கீறச் சொன்னது என்று கேட்கவில்லை.

"இது கொஞ்சம் கொழுத்த நாரை" என்றார். பிறகு, "வலைய நான் காட்டிக் குடுக்கல்ல அண்ணே" என்றார்.

"எனக்கேன் சொல்றீங்க? அவனிட்டச் சொல்லுங்க."

"அவன் கேக்கல்லயே. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

சொன்னாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. அடுத்த பருவமும் ஒன்றாகத்தான் போனார்கள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். என்ன படம் கேட்டாலும் கீறிக் கொடுங்கள். சுரண்டச் சொல்லி வந்தால் மட்டும், பங்காளிகள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, ஆளுக்கு ஆள் முகம் பார்த்துக் கேட்கவேண்டியதைக் கேட்டு முடிக்கச் சொல்லுங்கள். அதுவரை சுரண்டுகிற உளியைத் தொடாதீர்கள். எனக்கு அன்றைக்கு அந்தத் தைரியம் வரவில்லை.