தம்பி குடிகாரன் ஆன நாலு வரி

"பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தூக்கிட்டா, தம்பி ஏன் அண்ணன் வாசலை மிதிக்க மாட்டேங்கறான்னு யாருக்கும் புரியாதே," என்றான் அவன், மெய்ப்புத் தாள்களை மேசையில் தட்டி அடுக்கியபடி. அடுக்கு எப்போதோ நேராகிவிட்டது. தட்டுகிற கைதான் நிற்கவில்லை.

"அதுக்குத்தானய்யா உன்னைக் கூப்பிட்டேன்," என்றார் அச்சக முதலாளி. "நாலு வரி எழுது. தம்பி குடிகாரன். அண்ணன் தலைபாடா அடிச்சுக்கிட்டான், கேக்கல. முடிஞ்சுது."

இருபத்திரண்டு வருடமாக அவனுக்கு அங்கே மெய்ப்பு பார்க்கும் வேலை. எல்லோருக்கும் அவன் 'கண்ணாடி'. கடைப் பலகையில் பிழை கண்டால்கூட நின்று முறைத்துவிட்டுத்தான் நகர்வான். அந்தப் பழைய நாவலை ஆறு பதிப்புகளுக்குப் பார்த்திருக்கிறான். ஏழை வாத்தியார் ஒருவருக்குப் பெரியப்பா சொத்து வந்து சேர்கிறது. பணம் வர வர மனிதர் மாறுகிறார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில், காய்ச்சலில் நினைவின்றிக் கிடக்கும் தம்பியின் கட்டைவிரலில் மை தடவி, அவன் பங்கையும் எழுதி வாங்கிவிடுகிறார்.

ஏழாம் பதிப்பில் ஐயாயிரம் பிரதிகளை வாங்கிப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு மரக்கடைக்காரர் முன்வந்திருந்தார். அந்த அத்தியாயம் மட்டும் வேண்டாம் என்றார். அவருடைய சொந்தத் தம்பி பக்கத்துத் தெருவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

"எழுதினவருக்கு என்ன பதில் சொல்றது?"

"அவர் போய் நாப்பது வருஷம். எழுந்து வந்து சட்டையைப் பிடிக்கப் போறாரா?" முதலாளி ஒரு உறையை அவன் பக்கம் நகர்த்தினார். "ஆறு மாசச் சம்பளம். இத்தனை வருஷமா அடுத்தவன் வரியையே மேயறியே, உன் வரி ஒரு தடவை அச்சுல வரட்டும்."

பணத்தைவிட அதுதான் சுருக்கென்று இறங்கியது. வாலிபத்தில் அவன் எழுதி அனுப்பிய கதைகளில் ஒன்றுகூடத் தபாலில் திரும்பி வராமல் இருந்ததில்லை. அரை மணியில் எழுதிக் கொடுத்துவிட்டு, உறையோடு சீக்கிரமே வீட்டுக்குப் போனான்.

வீட்டில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான்.

"ஏங்க, எதுக்கு இப்படிக் கூண்டுப் புலி மாதிரி சுத்தறீங்க? பணம் வந்தா தூக்கம் போகும்பாங்க, உங்களுக்குக் காலே நிக்கலையே," என்றாள் மனைவி. உறையைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து அவள் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அவன் கொண்டுவரும் கழிவுத் தாள்களிலேயே அந்த நாவலை இரண்டு முறை படித்தவள் அவள்.

"அந்தத் தம்பியையா? பாவி மனுஷா, அவன் காப்பிகூடக் குடிக்க மாட்டானே!"

"கதைதானே."

"கதைன்னா நீங்க ஏன் சட்டையைக்கூடக் கழட்டாம நடக்கறீங்க?"

"திருப்பிக் கொடுத்துடவா?"

"பெட்டி வேணும்னேன். அந்தப் பையன் மேல அபாண்டமும் வேணாம்ங்கறேன். ரெண்டுக்கும் வழி நீங்கதான் பாக்கணும், படிச்சவரு."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. பாதி ஓட்டமும் பாதி நடையுமாக அச்சகம் போய்ச் சேர்ந்தபோது, தட்டச்சு செய்யும் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாலு வரியை எடுத்துடும்மா. பழைய அத்தியாயத்தைத் திரும்பப் போட்டுடு."

"முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார், என் தலையை உருட்டாதீங்க. எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க." பக்கத்தை அச்செடுத்து நீட்டினாள்.

நின்றபடியே படித்தான். செத்துப்போனவரின் வரிகளுக்கு நடுவே, அதே எழுத்தில், அதே இடைவெளியில் அவனுடைய நாலு வரி. என்றைக்கும் அங்கேயே இருந்ததுபோல. மூன்றாம் வரியில் கண் தடுக்கியது. 'தள்ளாடித் தள்ளாடி வந்து, வாய்க்கு வந்தபடி ஏசினான்.' அந்த மனிதர் இத்தனை சத்தமாக எழுத மாட்டார். சிவப்புப் பேனாவைத் திறந்தான். 'வந்தவன், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்' என்று மாற்றினான். வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். மறுபடி சொல்லிப் பார்த்தான். கால் தரையில் நின்றிருந்தது.

"எடுக்கணுமா, வைக்கணுமா சார்? எனக்கு பஸ் போயிடும்."

"இப்பதான் அவர் எழுதின மாதிரி இருக்கு," என்றான். பக்கத்தின் அடியில் 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்தான். மனைவி சாப்பாட்டைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். பத்தரைக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. மரக்கடையிலிருந்து ஒரு ஆள் வந்து, முதலில் வந்த தாள்களைப் புரட்டிவிட்டுப் போனான். மதியத்துக்கு மேல் மருந்துக் கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியல் வந்தது. முப்பத்திரண்டு பக்கம். நான்கு பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தான்.