கடனை வரவில் எழுதியவர்கள்

ஆணிக்கடைக்காரர் யாரையும் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. கம்பெனி மூட்டையில் ஐம்பது கிலோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் தன் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். டாக்டர் மாத்திரை எழுதினால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவார். அவரும் அதையே சொன்னால், இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்களா என்று விசாரிப்பார். இப்படிப்பட்ட மனுஷரோடு குடும்பம் நடத்திய மனைவியைத்தான் பாராட்ட வேண்டும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது தம்பி ஒருவனைத்தான். அப்பா போனபோது அவன் சின்னப் பையன். வளர்த்து, படிக்க வைத்து, கட்சியில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அண்ணன்தான். சிக்கனம் பேசுகிற கட்சி அது. கையில் இருப்பதை வைத்துச் செலவு செய், மக்கள் தலையில் கடனை ஏற்றாதே என்பார்கள். ஆணிக்கடைக்காரருக்கு அது ரத்தத்திலேயே ஊறிய விஷயம். முன்பு எதிர்க்கட்சி நகராட்சியைப் பிடித்து, வாங்கிய கடனை வரவுப் பக்கத்தில் எழுதி 'உபரி பட்ஜெட்' என்று மார்தட்டியபோது, மன்றக் கூட்டத்தில் கவுன்சிலராக எழுந்து கிழி கிழி என்று கிழித்தவர் இவர். "கடனுக்கு இறக்கின சரக்கை லாபம்னு எழுதினா என் பெண்டாட்டியே சிரிப்பா" என்றார். அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த தேர்தலில் கட்சி ஜெயித்தது, இவர் மறுபடி கவுன்சிலரானார், தம்பி நகராட்சித் தலைவரானான்.

நாற்காலி சூடேறுவதற்குள் புது வணிக வளாகத் திட்டம் வந்தது. அச்சடித்த பட்ஜெட்டை ஆணிக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எதிர்க்கட்சி வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கடன். அதுவும் வரவுப் பக்கத்தில். கீழே 'உபரி'. அச்சுப் பிழையாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பிழை என்றால் கூட்டல் மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது என்று அதே மனசு கேட்டது.

வீட்டுக்குச் சாப்பிட வந்த தம்பியிடம் விஷயத்தை எடுத்தார்.

"அது வேற, இது வேறண்ணா. அவங்க வாங்கினது ஊதாரிக் கடன். நம்மது வளர்ச்சிக் கடன்."

"வட்டி ரெண்டுக்கும் ஒண்ணுதானேப்பா?"

"நாளைக்குக் கூட்டத்துல நீங்க எழுந்து ஆதரிச்சு ரெண்டு வார்த்தை பேசினாப் போதும். உங்க பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

அண்ணனுக்குக் காண்டிராக்டர் யார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. தம்பியைப் போய் அப்படி நினைத்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவன் போன பிறகு, பேசாமல் இருந்துவிடுங்களேன், குடியா முழுகிவிடும் என்றாள் மனைவி. எதிர்த்துப் பேசினால் தம்பி இந்த வாசப்படி மிதிக்க மாட்டான் என்பது இருவருக்கும் தெரியும்.

நகராட்சி மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் நடைவழி, அதற்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் மற்றது. தன் பக்கத்து ஆள் எழுந்தாலே கைதட்டிவிடுவார்கள். என்ன பேசினார் என்பதை மறுநாள் விசாரித்துக்கொள்வார்கள். ஆணிக்கடைக்காரர் எழுந்ததும் இவர் பக்கம் அதிர்ந்தது.

"கடன் வரவாகாது. அன்னைக்கு அவங்க எழுதினாலும் ஆகாது, இன்னைக்கு என் தம்பி எழுதினாலும் ஆகாது."

இதற்கும் பழக்க தோஷத்தில் நாலு பேர் தட்டினார்கள். பிறகு இந்தப் பக்கம் அடங்கி, அந்தப் பக்கம் தட்ட ஆரம்பித்தது. எதிர்க்கட்சி வக்கீல் நடைவழியைத் தாண்டி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவன் எதற்குக் குழைகிறான் என்று ஆணிக்கடைக்காரர் கையை உருவிக்கொள்வதற்குள், மேடையிலிருந்து தம்பி பார்த்துவிட்டான்.

கூட்டம் கலைந்ததும் தம்பி அவரை வாசலில் ஓரமாக அழைத்துப் போனான். திட்டுவான் என்று அண்ணன் தயாராகத்தான் இருந்தார். அவன் குரலைத் தாழ்த்தி நிதானமாகக் கேட்டான்.

"என்ன தர்றேன்னாங்க?"

"யாருப்பா?"

"அந்த வக்கீல்தான். சும்மா சொல்லுங்க, நமக்குள்ள என்ன."

"டேய், யாரும் எதுவும் தரலைடா. நான் உன் அண்ணன்."

தம்பி தலையை ஆட்டினான். நம்பவில்லை என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. வாங்கவில்லை என்பதற்கு எந்த அத்தாட்சியைக் காட்டுவது? வேறு யாராவது இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் ஆணிக்கடைக்காரரும் நம்பியிருக்க மாட்டார்.